வால் யாருக்கு, தொடை யாருக்கு?

முன்குறிப்பு: சைவப் பட்சிகள் இங்கேயே கழன்று கொள்ளலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். கீழே வரப்போவது முழுக்க முழுக்கப் பெரிய கறி. அதுவும் குடல், நாக்கு, வால் வரைக்கும்.

பி.காம். படித்தவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஜாயின்ட் ப்ராடக்ட்' என்று ஒரு பாடம் வந்தது ஞாபகம் இருக்கலாம். ஒரே மூலப்பொருள், ஒரே செலவு, ஆனால் வெளியே வரும் சரக்கு பல. மொத்தச் செலவை எந்தச் சரக்கின் தலையில் எவ்வளவு கட்டுவது? கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், தார் என்று பிரிகிற மாதிரி. இதற்குப் புத்தகங்கள் சொல்லும் இன்னொரு உதாரணம் கசாப்புக்கூடம். ஒரு மாட்டை வாங்குகிறீர்கள். தொடை, முதுகு, நெஞ்சு, ஈரல், குடல், தோல், எலும்பு, கொம்பு என்று பிரிக்கிறீர்கள். மாட்டுக்குக் கொடுத்த விலையில் ஈரலின் பங்கு எவ்வளவு, தோலின் பங்கு எவ்வளவு? எந்த முறையில் பிரித்தாலும் அது ஒரு ஏற்பாடுதான், சரியான விடை என்று ஒன்று கிடையாது. எங்கள் வாத்தியார் எண்ணெயை விலாவாரியாக நடத்திவிட்டு மாட்டை நைசாகத் தாண்டிப் போய்விட்டார். (அவரைக் குறை சொல்லவில்லை, காலேஜ் அப்படி.)

வங்கி வேலை கிடைத்து, ஊர் ஊராய் மாற்றலாகி, மும்பை திலக் நகரில் குடியேறிய பிறகுதான் அந்த விட்டுப்போன உதாரணம் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. காரணம் பூகோளம். ஹார்பர் லைனில் திலக் நகருக்கு ஒரு பக்கம் அடுத்த ஸ்டேஷன் குர்லா. அங்கே கசாய்வாடா என்றே பெயர் வாங்கிய குரேஷி நகர் இருக்கிறது. இன்னொரு பக்கம் செம்பூர் தாண்டினால் கோவண்டி. அங்கே இறங்கினால் தேவ்னார் கசாப்புக்கூடம். நடுவில் நான், கையில் துணிப்பை.

விஷயத்துக்கு வருகிறேன். மாட்டின் எந்தப் பாகம் உசத்தி, எந்தப் பாகம் மட்டம் என்பதை நாக்கு முடிவு செய்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. ஊரும் சந்தையும் சட்டமும் முதலில் முடிவு செய்கின்றன, நாக்கு பின்னால் பழகிக்கொள்கிறது. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்குச் சின்ன வயதில் தெரிந்த கணக்கும், இங்கே குர்லா கடையில் நான் பார்க்கும் கணக்கும் வேறு வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சரித்திரமே வருகிறது.

முதலில் எங்கள் பக்கம். கிராமத்தில் கறி எடையில் வருவதில்லை, 'கூறு' என்று வரும். நாலைந்து பேரோ பத்துப் பேரோ சேர்ந்து ஒரு மாட்டை வாங்கி அறுத்து, வாழையிலையோ பனையோலையோ விரித்து, சமமாகக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் சதை, கொஞ்சம் நெஞ்செலும்பு, ஒரு துண்டு ஈரல், ஒரு பிடி குடல், கொஞ்சம் கொழுப்பு. யாருக்கும் முழுத் தொடை கிடையாது, யாருக்கும் வெறும் குடலும் கிடையாது. மேலே சொன்ன பாடத்தின் சிக்கலை இதைவிட அழகாக யாரும் தீர்த்ததில்லை. பிரித்தால்தானே செலவை எதன் தலையில் கட்டுவது என்ற கேள்வி? பிரிக்கவே இல்லை, மொத்தத்தையும் அப்படியே பங்கு போட்டாயிற்று.

இப்படி வந்த கறியைச் சமைக்கும் முறையும் அதற்குத் தக்கபடிதான் இருக்கும். எல்லாம் ஒரே சட்டியில். சதை வேக ஒரு நேரம், ஈரல் வேக ஒரு நேரம், குடல் வேக ஒரு நேரம் என்பதால் எங்கள் ஆயா முதலில் குடலையும் எலும்பையும் போட்டு வேகவிட்டு, பாதியில் சதையைச் சேர்த்து, கடைசியில் இறக்கப்போகும்போது ஈரலைப் போடுவார். ஈரலை முதலிலேயே போட்டால் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். மிஞ்சியதை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் காயப்போட்டால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் அதை எடுத்துச் சுட்டோ வறுத்தோ கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வது. காய்ந்தபின் தொடையா, கழுத்தா என்று யாரும் கேட்பதில்லை.

நகரத்தில் தராசு வந்தது. தராசோடு கொக்கி வந்தது. கொக்கியில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகத் தொங்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒவ்வொரு விலைக்கும் ஒரு கூட்டம்.

மும்பையில் இது எப்படி நடந்தது என்று பார்ப்போம். 1865-ல் பம்பாயின் முனிசிபல் கமிஷனராக வந்தவர் ஆர்தர் கிராஃபோர்ட். கிராஃபோர்ட் மார்க்கெட் இவர் பேரில்தான். ஊருக்குள் இருந்த மாடறுக்கும் இடங்களை அப்புறப்படுத்தி, அப்போது நகர எல்லைக்கு வெளியே இருந்த பாந்த்ராவுக்கு அனுப்பியவரும் இவர்தான். கறி வேண்டும், ஆனால் ரத்தமும் நாற்றமும் வேண்டாம்: இது பம்பாய்க்கு மட்டுமல்ல, அந்தக் காலத்துப் பெரிய நகரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆசை.

பாந்த்ராவுக்கு இந்தப் பக்கம் மாஹிம் கழிமுகம், கழிமுகத்தை ஒட்டித் தாராவி. அப்போது அது மீனவக் கோலிகளின் ஊர், சுற்றிலும் சதுப்பு. கசாப்புக்கூடம் அந்தப் பக்கம் வந்ததும், பச்சைத் தோல் வெகுதூரம் போகாமல் இந்தப் பக்கம் வந்து இறங்கியது. தோலுக்கு அவசரம் அதிகம். உப்புப் போடாமல் ஒரு நாள் விட்டால் போச்சு. தோலைத் தேடி வந்தவர்கள் நம்ம ஆட்கள். திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் தோல் ஷாப்புகள் போட்டார்கள். அவற்றில் குழியில் இறங்கி வேலை செய்ய ஊரிலிருந்து ஆதிதிராவிடர் குடும்பங்கள் வந்தன. சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிர் சுரண்டி, ஒட்டியிருக்கும் சதையை வழித்து, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடும் அந்த வித்தை தமிழ்நாட்டுச் சொத்து. தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887-ல் தொடங்கியது என்கிறார்கள். ஆதிதிராவிடர் கட்டிய பிள்ளையார் கோயில் 1913. பள்ளிவாசலும் கோயிலும் ஒரே தோலின் இரண்டு ஓரங்கள் மாதிரி எனக்குத் தோன்றும். (தோல் ஷாப்பு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால் டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படியுங்கள். திண்டுக்கல் கதை, 2012-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது.)

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. தாராவிக்காரருக்கு மாடு என்றால் தோல். கறி உபபொருள். கிராஃபோர்ட் மார்க்கெட்டில் கறி வாங்கிய துரைக்கு மாடு என்றால் முதுகும் தொடையும். தோல் உபபொருள். ஒரே மாடுதான். இந்தத் தலைகீழ் நம்ம ஊரில் மட்டும் இல்லை. தென் அமெரிக்கப் புல்வெளிகளில் ஒரு காலத்தில் தோலுக்கும் கொழுப்புக்கும் மட்டும் மாட்டைக் கொன்று, கறியை அப்படியே அழுகவிட்டார்கள். அந்த வீணாகும் கறியைக் காய்ச்சிச் சாறெடுத்து விற்கலாம் என்று ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பேரில் 1865-ல் ஒரு கம்பெனி தொடங்கி, உருகுவேயில் ஃபிரே பென்டோஸ் என்ற ஊரில் தொழிற்சாலை நடத்தினார்கள். பிற்பாடு அங்கிருந்து டின்னில் அடைத்த மாட்டுக்கறி உலகம் முழுக்கப் போயிற்று. குப்பையில் போனது பாலன்ஸ் ஷீட்டின் முதல் வரிக்கு வந்துவிட்டது.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமும் இதே மாதிரிதான். தோல் ஷாப்புகளும் பெரிய கறிக் கடைகளும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்த ஊர்கள். சீரகச் சம்பாவில் பெரிய கறி பிரியாணி போடுவது எங்களுக்கு விசேஷம் கிடையாது, சாதாரண ஞாயிற்றுக்கிழமை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று அரசு அறிவித்து, அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஊரின் பிரியாணியிலிருந்து மாட்டை எடுப்பது பத்தமடையிலிருந்து பாயை எடுக்கிற மாதிரி.

நிற்க. கறிக்கடைக்குப் போவோம்.

தமிழில் 'பெரிய கறி' என்பது இங்கே 'படே கா கோஷ்ட்'. அர்த்தம் அதேதான், பெரியதின் கறி. குர்லாவில் நான் வாங்கும் கடை பாய்க்கு என்னுடைய இந்தியும் புரியும், என் கை காட்டலும் புரியும். முதல் தடவை போனபோது "சாப், அண்டர்கட் சாஹியே?" என்று கேட்டார். பேண்ட் சட்டையைப் பார்த்து முடிவு கட்டிவிட்டார்! அண்டர்கட் என்பது முதுகெலும்புக்கு உட்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் நீளச் சதை. ஒரு மாட்டில் இரண்டே இரண்டு. மாடு நடந்தாலும் உழுதாலும் இந்தச் சதைக்குப் பெரிய வேலை கிடையாது. அதனால் வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும், சீக்கிரம் வேகும், விலையும் அதிகம். ருசி? என் கட்சியைக் கேட்டால், சுமார்தான். உட்கார்ந்து தின்கிற சதை. மிளகும் வெண்ணெயும் போட்டுக் கல்லில் திருப்பிப் போட்டுச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு அது சரி. நம்ம மசாலாக் குழம்பில் போட்டால் நூல் நூலாகப் பிரிந்து, எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும்.

குழம்புக்கு உழைத்த சதைதான் வேண்டும். முன்னங்கால் சப்பை, கழுத்து, நெஞ்சு, கெண்டைக்கால். உழைக்கிற தசையில் சவ்வு அதிகம். அந்தச் சவ்வு பொறுமையாக வேகும்போது உருகிப் பசை மாதிரி ஆகிக் குழம்பைக் கெட்டியாக்கும், சதையை வழுவழுப்பாக்கும். அவசரப்பட்டால் ரப்பர். தொடை பார்ப்பதற்கு அழகாக இருக்கும், கொழுப்பில்லாத சுத்தமான சதை, எடைக்கு நிறையத் துண்டு வரும். ஆனால் வறண்டுபோகும். அதைச் சுக்கா வறுவலுக்கும் கீமாவுக்கும் ஒதுக்கிவிடலாம். நெஞ்செலும்பில் சதை குறைவு, கொழுப்பு அதிகம். பருப்பு போட்ட குழம்புக்கும் பிரியாணிக்கும் அதை மிஞ்ச ஆள் இல்லை. விலைப் பட்டியலில் மேலே இருப்பது மெத்தென்ற சதை, கீழே இருப்பது ருசி. நம்ம சமையலுக்கு இந்த விலை வித்தியாசம் சுத்த லாபம்.

லாபத்தில் ஒரு கழிவு உண்டு: அடுப்பு. கெண்டைக்கால் கறி மலிவுதான், ஆனால் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் எரியவேண்டும். விறகை யார் கணக்கில் எழுதுவது? பழைய நாளில் இதற்கு விடை ராத்திரி. பெண்டி பஜார் பக்கம் இன்றும் கிடைக்கும் நிஹாரி அப்படி வந்ததுதான். 'நஹார்' என்றால் காலைப்பொழுது. ராத்திரி முழுக்கத் தணலில் கிடந்த கெண்டைக்கால் கறியும் நல்லியெலும்பும் விடியற்காலையில் ரொட்டிக்குத் தயார். பெரிய அண்டாவில் ஐம்பது பேருக்குச் சேர்த்துச் சமைத்தால்தான் விறகு கட்டும். அதனால்தான் அது வீட்டுச் சாப்பாடாக இல்லாமல் கடைச் சாப்பாடாக வளர்ந்தது. பிறகு 1959-ல் மும்பையில் ஹாக்கின்ஸ் கம்பெனி ஆரம்பித்து, பிரஷர் குக்கர் வீட்டுக்கு வீடு நுழைந்ததும், நாலு மணி நேரம் முக்கால் மணியாகச் சுருங்கியது. மலிவான கறி நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியானதில் குக்கருக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன். யாரும் அதற்கு ஒரு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

இனி உள்ளுறுப்பு. உயிரோடு நிற்கும் மாட்டின் எடையில் ஏறக்குறையப் பாதிதான் சதையும் எலும்புமாகக் கொக்கியில் தொங்கும். மீதிப் பாதியில் தோல், தலை, கால், ரத்தம், வயிறு, குடல், ஈரல் எல்லாம் அடக்கம். ரோமாபுரியில் இதற்கு ஒரு அருமையான பெயர் வைத்திருக்கிறார்கள்: ஐந்தாவது கால்பாகம். மாட்டை நாலு கால்பாகமாக வெட்டிப் பெரிய மனிதர்களுக்குக் கொடுத்தபின் மிஞ்சுவது ஐந்தாவது. அங்கே டெஸ்டாச்சியோ என்ற பேட்டையில் 1888-க்கும் 1891-க்கும் இடையில் பெரிய கசாப்புக்கூடம் கட்டினார்கள். வேலையாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதி இந்த ஐந்தாவது கால்பாகமாகவே கிடைத்தது. அவர்கள் வீட்டுப் பெண்களும் பக்கத்துச் சாராயக்கடைக்காரர்களும் அதை வைத்துக் கண்டுபிடித்த வால் குழம்பும் குடல் பதார்த்தமும்தான் இன்று ரோமின் பெருமை என்று டூரிஸ்டுகளுக்குப் பரிமாறப்படுகிறது. கசாப்புக்கூடம் 1975-ல் மூடப்பட்டு, இப்போது அங்கே கலைக் கண்காட்சி நடக்கிறது.

மும்பையில் இந்த ஐந்தாவது கால்பாகம் ஆளுக்கொரு பக்கம் போயிற்று. நாக்கு கிறிஸ்தவர்களிடம். பாந்த்ராவின் பூர்வகுடிக் கத்தோலிக்கர்கள் 1887-ல் தங்களுக்கு 'ஈஸ்ட் இந்தியன்' என்று பெயர் வைத்துக்கொண்டு சங்கம் தொடங்கினார்கள் (தாராவிப் பள்ளிவாசலுக்குச் சொல்லும் அதே வருஷம்). அவர்களும் கோவாக்காரர்களும் நாக்கை உப்பும் வெடியுப்பும் தேய்த்து, மேலே கல்லை ஏற்றி நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, மேல்தோலை உரித்து மெல்லிசாகச் சீவிப் பரிமாறுவார்கள். கல்யாணம், கிறிஸ்துமஸ் என்றால் அது இல்லாமல் இருக்காது. அவர்களுக்கு நாக்கு மட்டமான பாகமே இல்லை, பண்டிகைப் பாகம். சிறுநீரகமும் மடியும் முஸ்லிம் பேட்டைகளில். எருமையின் மடிக்கறிக்கு இங்கே 'கீரி' என்று பெயர். (நம்ம கீரிப்பிள்ளை இல்லை, பயப்படாதீர்கள்.) கம்பியில் குத்திக் கரியில் சுட்டுக் கொடுப்பார்கள். லேசாகப் பால் வாசனை, கடித்தால் பஞ்சும் ரப்பரும் கலந்த மாதிரி. என் தங்கமணி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது கறியா, ஸ்பாஞ்சா?" என்று கேட்டதோடு சரி.

குடலும் வயிறும் தமிழர்களிடம் வந்தது. தாராவி 90 அடி ரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தால் மூக்கே சொல்லிவிடும். போட்டி என்று பொதுவாகச் சொன்னாலும் மாட்டுக்கு வயிறு நாலு அறை. ஒன்று துவாலைத் துணி மாதிரி சொரசொரப்பு, ஒன்று தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக, ஒன்று புத்தகம் மாதிரி ஏடு ஏடாக. நாலாவது வழவழப்பு. தேன்கூட்டு அறைதான் சமையலுக்கு ராஜா, மசாலா கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏடு ஏடாக இருப்பதைச் சுத்தம் செய்வதற்குள் தாவு தீர்ந்துவிடும். சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுச் சுரண்டி, கொதிநீரில் முக்கி, மஞ்சள் தேய்த்து, மறுபடி கழுவி... அப்பாடா. இதைப் பொறுமையாகச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. சுவரொட்டி என்று நம்ம ஊரில் சொல்லும் மண்ணீரலைச் சுட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பார்கள், ரத்தம் ஊறும் என்று. குர்லா பாயிடம் அதைக் கேட்டு வாங்கிய ஒரே 'சாப்' நான்தான் போலிருக்கிறது. இப்போதெல்லாம் எனக்கு அண்டர்கட் காட்டுவதில்லை.

இந்த வரிசையில் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் கணக்கு டேலி ஆகாது. கடையில் காசு கொடுத்து வாங்கும் வரிசைக்கே வராதவர்கள். கிராமங்களில் செத்த மாட்டை அப்புறப்படுத்துவது தலித்துகளின் கட்டாயக் கடமை, அந்தக் கறிதான் அதற்குக் கூலி. தமிழ்நாட்டிலும் அப்படி, மகாராஷ்டிரத்திலும் அப்படி. 1927-ல் மஹாடில் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியை விடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள தொடர்பை 1948-ல் தனிப் புத்தகத்தில் எழுதினார். அவர் விடச் சொன்னது அந்தக் கட்டாயத்தை. ஆனால் நடந்தது என்னவென்றால், அந்தக் கட்டாயத்துக்குள்ளும் நம்ம பாட்டிமார் கண்டுபிடித்து வைத்திருந்த சமையலையும் சேர்த்துப் பலர் மறைத்துவிட்டார்கள். ஷாஹூ பாட்டோளே என்ற மராத்தி எழுத்தாளர் மராத்வாடாவின் மஹார், மாங் மக்கள் சமையலைப் பற்றி 2015-ல் ஒரு புத்தகம் எழுதினார், 2024-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அதில் 'சான்யா' என்று காயவைத்த கறித்துண்டு வருகிறது. படித்தவுடன் எனக்கு எங்கள் ஆயாவின் கொடிதான் கண்ணில் வந்தது. நடுவில் எத்தனை நூறு மைல்! ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே ஒரே உப்பு, ஒரே வெயில், ஒரே வறுமை.

மறைப்பது இன்றும் நடக்கிறது. மும்பையில் வாடகைக்கு வீடு தேடினால் புரோக்கர் முதலில் கேட்பது சம்பளம் இல்லை, "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" நான்-வெஜ் என்றால் அடுத்த கேள்வி, "என்ன நான்-வெஜ்?" வங்கியில் கே.ஒய்.சி. போடும் நானே இவ்வளவு துருவ மாட்டேன்.

இனி சட்டம். 1971-ல் பாந்த்ராவிலிருந்து கசாப்புக்கூடம் தேவ்னாருக்கு வந்தது. 64 ஏக்கர், ஆசியாவிலேயே பெரியது என்று பெயர். ஏற்கெனவே 1927 முதல் ஊர்க்குப்பையைக் கொட்டிவந்த பகுதி அது. நூறு வருஷத்துக்கு முன் பாந்த்ராவுக்குச் செய்ததை நகரம் மறுபடி செய்தது: தனக்கு வேண்டும், ஆனால் பார்க்க வேண்டாம் என்பதையெல்லாம் எங்கள் பக்கம் தள்ளியது. கச்சாத் தோல் வருவது தூரமாகி, 1990-களில் தோல் ஷாப்புகளையும் தாராவியை விட்டு வெளியேறச் சொன்னார்கள். இப்போது அங்கே முக்கியமாக இருப்பது பதனிட்ட தோலில் பையும் பெல்ட்டும் தைக்கும் வேலை.

1976-ன் மகாராஷ்டிர விலங்குப் பாதுகாப்புச் சட்டம் பசுவை அறுக்கக்கூடாது என்றது. காளை, எருது, எருமைக்குச் சான்றிதழ் இருந்தால் அனுமதி. 1995-ல் காளையையும் எருதையும் சேர்த்துத் தடுக்கும் திருத்தம் நிறைவேறி, 20 வருஷம் தூங்கி, 2015-ல் ஜனாதிபதி ஒப்புதலோடு மார்ச் மாதம் அமலுக்கு வந்தது. அறுத்தால் 5 வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம். 2016 மே 6-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையைச் சரி என்று சொல்லி, வெளிமாநிலத்தில் அறுத்த கறியை வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவை ரத்து செய்தது. ஒருவன் தன் வீட்டுக்குள் என்ன சாப்பிடுகிறான் என்று பார்ப்பது அரசின் வேலை இல்லை என்பது அதன் சாரம்.

அந்த வருஷங்களில் நான் மராத்வாடாவில் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன், பயிர்க்கடன் மேசை. 2015-16 வறட்சி. தண்ணீர் ரயிலில் வந்த காலம். அரசு 'சாரா சாவணி' என்று தீவன முகாம்கள் நடத்தியது, மனிதர்கள் மாட்டோடு மாடாக அங்கேயே படுத்துக் கிடந்தார்கள். கணக்குப் படித்தவன் எந்தச் சொத்தைப் பார்த்தாலும் மூன்று எண் பார்ப்பான்: வாங்கின விலை, வருஷத் தேய்மானம், கடைசியில் கிடைக்கும் மிச்ச மதிப்பு. உழவு எருதுக்கு மிச்ச மதிப்பு என்பது சந்தையில் கசாப்புக்காரர் கொடுக்கும் காசு. கிழட்டு ஜோடியை விற்றால் வரும் பணம்தான் புது ஜோடிக்கு முன்பணம். சட்டம் அந்த எண்ணைச் சைபராக்கியது. சைபர்கூட இல்லை, மைனஸ்: மாடு உயிரோடு இருக்கும்வரை தீவனம் போடவேண்டுமே. என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த ஒரு பெரியவர் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறைவாகப் பேசவில்லை. பேர் சொல்லித்தான் பேசினார். "சாகேப், அதுக்குப் போட்டால் எனக்கு இல்லை, எனக்கு என்றால் அதுக்கு இல்லை" என்றார். அவர் வாழ்நாளில் ஒரு துண்டு மாட்டுக்கறி சாப்பிட்டிருக்க மாட்டார். கடன் மனுவில் அதையெல்லாம் எழுத ஒரு கட்டமும் கிடையாது.

மும்பையில் சட்டம் வந்தபின் கடையில் மாறியது என்ன? எருது போய் முழுக்க எருமை. ரெண்டும் ஒன்றுதானே என்று சொல்பவர்கள் சமைத்ததில்லை என்று அர்த்தம். எருமைக் கறி கருஞ்சிவப்பு, நார் தடிமன். கொழுப்பு சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. எருதின் கொழுப்பு லேசாக மஞ்சள் அடிக்கும். பசும்பால் மஞ்சளாகவும் எருமைப்பால் வெள்ளையாகவும் இருப்பதற்கு என்ன காரணமோ அதுவேதான், புல்லில் உள்ள மஞ்சள் சத்தை எருமை உடம்பு வேறாக மாற்றிவிடும். உழைத்த எருதின் நெஞ்செலும்புக்கு ஒரு தனி வாசனை உண்டு. எருமையில் அது வராது, ஆனால் நல்ல இளம் எருமை கிடைத்தால் சதை மெத்தென்று இருக்கும். கிழட்டுக் கறவை எருமை என்றால் பச்சைப் பப்பாளி அரைத்துத் தடவி ஒரு மணி நேரம் வைக்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஈரலும் அப்படித்தான், கிழட்டு ஈரல் கசக்கும், பாலில் ஊறவைத்துக் கழுவினால் கொஞ்சம் தேறும்.

இதில் இன்னொரு வேடிக்கை. உள்நாட்டில் இத்தனை கெடுபிடி நடந்த அதே 2014-15-ல் இந்தியாவின் எருமைக் கறி ஏற்றுமதி பாசுமதி அரிசி ஏற்றுமதியையே மதிப்பில் தாண்டியது. எலும்பு நீக்கிய கறியைத்தான் அனுப்பலாம், எலும்போடு அனுப்ப அனுமதி இல்லை. ஆக நல்ல சதை கப்பலேறுகிறது, எலும்பும் நல்லியும் வாலும் தலையும் இங்கேயே தங்குகிறது. பாந்த்ரா காலத்தில் துரைக்குப் போனது இப்போது வளைகுடாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. ஐந்தாவது கால்பாகம் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் நமக்குத்தான்.

அதிலும் ஒன்று கைநழுவிக்கொண்டிருக்கிறது. வாலைத்தான் சொல்கிறேன். கணுக்கணுவாக வெட்டி, நிறைய மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு, குக்கரில் முக்கால் மணி நேரம் விட்டால், சதை எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வரும், ரசம் உதட்டில் ஒட்டும். சளிக்கு அதைவிட மருந்து கிடையாது. நான் வந்த புதிதில் கால் வாங்கினால் வாலைப் பாய் சும்மாவே பையில் போடுவார். இப்போது ஏதோ ஹோட்டல்காரர்கள் முதல் நாளே சொல்லிவைத்து எடுத்துப் போகிறார்களாம். போன ஞாயிறு எட்டு மணிக்கே போய் நின்றேன். "பூஞ்ச் கதம், சாப்," வால் தீர்ந்துவிட்டது என்றார். ஒரு கிலோ நெஞ்செலும்பும் அரைக்கிலோ தேன்கூட்டுப் போட்டியும் வாங்கிக்கொண்டு வந்தேன். போட்டியைக் கழுவிக் கொடுத்தால்தான் சமைப்பேன் என்று தங்கமணி உத்தரவு.